மழைக்கு ஒதுங்கும் இடம்

மழை நாளில் பிள்ளைகளைப் பேரங்காடிக்கு அழைத்துச் செல்வது தகுமா, தகாதா என்னும் வினா மும்பை வாழ் தமிழர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் எழுகின்றது. மக்கள் வழக்கில் ‘மால்’ என்று சொல்லப்படும் இடத்தையே பேரங்காடி என்கின்றோம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் தொடங்கிய மழை நண்பகலாகியும் விடவில்லை. வீட்டிலுள்ள பிள்ளைகள் மூன்றாம் முறையாகச் சண்டையிட்டு ஓய்ந்திருக்கின்றனர். தந்தை எழுந்து, “வாருங்கள், மாலுக்குப் போய் வருவோம்” என்கிறார். தாய்க்கு ஆறுதல், பாட்டிக்கு முகச்சுளிப்பு. “காசைக் கரியாக்கும் இடம்” என்பது பாட்டியின் தீர்ப்பு. “ஒன்றும் வாங்கப் போவதில்லை, சும்மா சுற்றிவிட்டு வருகிறோம்” என்பது தந்தையின் மறுமொழி.

இவ்விரு கூற்றும் பணப்பையை மட்டுமே நோக்குகின்றன. காசு செலவாயிற்றா, இல்லையா என்பதைக் கொண்டே நன்மை தீமைகளை அளக்க முற்படுகின்றன. ஒரு காசும் செலவிடாமல் வீடு திரும்பிய குடும்பம் பெரிதும் இழந்து திரும்பியிருக்கலாம். பிள்ளைக்கு ஒரு கோப்பை பனிக்கூழ் வாங்கித் தந்த குடும்பம் எதையும் இழவாமல் திரும்பியிருக்கலாம். ஆகவே வினாவை வேறோரிடத்தில் வைத்து ஆராய்தல் வேண்டும் என்று கருதுகின்றோம்.

முதற்கண் தாய்மார் பக்கத்து நியாயத்தைக் கூறிவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் இந்நகரில் 2000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பொழிகின்றது. பம்பாய் வளர்ச்சித் துறையினர் 1920களில் தொழிலாளருக்கெனக் கட்டிய சால்களில் ஒரு குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட அறையின் அளவு 160 சதுர அடி. தாராவியில் அதனினும் குறைந்த இடத்தில் ஆறு பேர் வாழும் வீடுகள் எத்தனையோ உள. அத்தகைய வீட்டில் மழை நாள் என்பது யாது? உலராத துணிகள் தலைக்குமேல் கொடியில் தொங்கும். இரவுப் பணி முடித்து வந்தவர் ஒரு மூலையில் உறங்கிக்கொண்டிருப்பார். “சத்தம் போடாதே” என்னும் சொல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும். விளையாட்டுத் திடல் குளமாகியிருக்கும். மாடிப்படியில் உட்காரலாமென்றால் அங்கே அண்டை வீட்டுப் பிள்ளைகள் முன்னரே இடம் பிடித்திருப்பர். “மழை பெய்தால் என்ன, வீட்டிலமர்ந்து நல்ல நூலொன்று படிக்கட்டுமே” என்று அறிவுரை கூறுவோர் தத்தமக்குத் தனியறை உள்ள வீட்டிலிருந்தே அதனைக் கூறுகின்றனர் என்பதை நாம் கவனித்திருக்கின்றோம்.

நனைந்து விளையாடட்டும் என்று சொல்வாரும் உளர். மழையில் நனைதல் இன்பமே, அதில் ஐயமில்லை. பெருமழையொன்றில் பிக்குகள் தம் உடலை நனைத்துக்கொள்ளுமாறு பகவன் அனுமதித்ததையும், அது கண்டு விசாகை அம்மையார் மழைக்கால நீராட்டு ஆடையைச் சங்கத்துக்குத் தானமாக வழங்க வரம் கேட்டதையும் விநய நூல் கூறும். ஆனால் ஜேதவனத்தில் பெய்த மழை வேறு, சாக்கடையும் வெள்ளமும் ஒன்றாகிவிட்ட சயான் சாலையில் தேங்கும் மழை வேறு. மூடியகன்ற பாதாளச் சாக்கடைத் துளை நீருக்கடியில் மறைந்து கிடக்கின்றது; எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் ‘லெப்டோஸ்பைரோசிஸ்’ என்னும் காய்ச்சல் பரவுகின்றது. தாய் அஞ்சுவதில் தவறில்லை.

இனிப் பேரங்காடி தருவனவற்றையும் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம். அங்கே தரை வழுக்காமல் உலர்ந்திருக்கின்றது. வெளிச்சம் உண்டு. தூய கழிப்பிடம் உண்டு. பெண் குழந்தையை அழைத்துச் செல்லும் தாய்க்கு அதன் அருமை தெரியும். வண்டிகளுக்கு அஞ்சாமல் குழந்தை ஓடலாம். முழங்கால் வலியுள்ள பாட்டியும் மேல் மாடி வரை ஏறாமலே ஏறலாம். அங்கு முதன்முறை நுழையும் நான்கு வயதுக் குழந்தை கடைகளை நோக்குவதேயில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் கண் நகரும் படிக்கட்டின்மேல்தான். கண்ணாடிக் கூண்டுத் தூக்கியில் மேலும் கீழும் செல்வதே அதற்குப் பெருங்களிப்பு. பொருளின்மீது வேட்கை பின்னரே வருகின்றது; அதுவும் பெரும்பாலும் நாம் சுட்டிக்காட்டிய பின்னர் வருகின்றது.

இவ்வகைப் பேரங்காடி தோன்றியதே வானிலையை முன்னிட்டுத்தான் என்பது பலர் அறியாத செய்தி. வியன்னா நகரில் பிறந்த விக்டர் குரூயன் என்னும் யூதக் கட்டடக் கலைஞர், 1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தவர். குளிர்காலத்தில் பனி உறைந்தும் கோடையில் வெம்மை மிகுந்தும் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில், ஈடைனா என்னும் ஊரில், முற்றிலும் கூரையிட்டு உள்வெப்பத்தை ஒரே சீராக வைத்திருக்கும் ‘சவுத்டேல்’ என்னும் அங்காடியை அவர் அமைத்தார். அது திறக்கப்பட்ட நாள் 1956 அக்டோபர் 8. (அதற்கு ஆறு நாட்களுக்குப் பின்னர், அதே மாதம் 14-ஆம் நாள், நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மம் தழுவினார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. எனினும் நாகபுரியில் அன்று நின்றோரின் பேரப்பிள்ளைகள் இன்று ஈடைனாவில் முளைத்ததன் கிளைகளில் உலவுகின்றனர் என்பதை எண்ணுங்கால் காலத்தின் போக்கு வியப்பளிக்கின்றது.)

குரூயனின் நோக்கம் வணிகம் மட்டுமன்று. தாம் விட்டு வந்த வியன்னாவின் ஊர்ச் சதுக்கங்களைப்போல, மக்கள் கூடி உரையாடி மகிழும் இடமொன்றை வானிலையின் கொடுமையினின்று காத்துத் தர அவர் விரும்பினார். அங்காடியைச் சுற்றிலும் வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா ஆகியன எழும் என்று எதிர்பார்த்தார். எழுந்தவையோ வண்டி நிறுத்துமிடங்கள். தம் பெயரால் உலகெங்கும் கட்டப்பட்டவற்றை இறுதிக் காலத்தில் அவரே கடுமையாக வெறுத்துப் பேசித் தமக்கும் அவற்றுக்கும் உறவில்லை என்று மறுத்தார். வீடிழந்து ஓடிவந்த ஒருவர் பிறர்க்கு நிழல் அமைக்க எண்ணினார்; அந்நிழலின்கீழ்ப் பணம் இருந்தோர்க்கே இடம் என்றாயிற்று. அவருடைய வெறுப்பின் காரணம் இதுவென்றே நமக்குத் தோன்றுகின்றது.

இங்குதான் நம் வினாவின் உயிர்நிலை இருக்கின்றது. மழைக்கு ஒதுங்குதல் என்பது யாது?

நம் ஊர்ப்புறத்து வீடுகளில் திண்ணை என்று ஒன்று இருந்தது. வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்க அது கட்டப்பட்டது என்று பெருமை பேசுவர். எல்லா வழிப்போக்கர்க்கும் அது திறந்திருந்ததா என்று கேட்டால் பெருமை பேசியவர் வாய் மூடிக்கொள்வார்; எந்தத் தெருவின் திண்ணையில் எவர் அமரலாம் என்பது நம் பாட்டன்மார்க்குத் தெரிந்திருந்தது. எனினும் இன்றும் கடைவீதியில் திடீரென மழை வந்தால், மூடிய கடையின் தாழ்வாரத்தில் முன்பின் அறியாத பத்துப் பேர் ஒருவரையொருவர் ஒட்டி நிற்கின்றனர். புதிதாக ஒருவர் ஓடி வந்தால் எல்லோரும் அரை அடி நகர்ந்து இடம் தருகின்றனர். அவர் யார், எவ்வூர், சட்டைப்பையில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, இந்நகரத்து இரயிலும் சாலையும் நின்றுபோயினவே, அவ்விரவை மறந்தவர் இல்லை. இடுப்பளவு நீரில் பல கல் தொலைவு நடந்து வந்தோர்க்கு அறியாத வீடுகளின் கதவுகள் திறந்தன. கோயில்களிலும் மசூதிகளிலும் மக்கள் உறங்கினர். தெருவோரக் குடிசைகளிலிருந்து தேநீரும் பிஸ்கோத்தும் வந்தன. அவ்விரவில் ஒதுங்கியோர் எவரும் எதையும் வாங்குவோராக இருக்க வேண்டியதில்லை, நனைந்திருந்தால் போதும்.

பேரங்காடியின் வாயிலில் நனைந்திருத்தல் தகுதியாகாது. சில வேளைகளில் அதுவே குற்றமாகின்றது. 1999-இல் இந்நகரில் திறக்கப்பட்ட தொடக்ககாலப் பேரங்காடியொன்று, கூட்டத்தைக் குறைக்கும் பொருட்டு, கைப்பேசியோ கடன் அட்டையோ வைத்திருப்போரைத் தடையின்றி விட்டு, ஏனையோரிடம் நுழைவுக் கட்டணம் கேட்டது. எதிர்ப்பு எழவே அவ்விதி கைவிடப்பட்டது. இன்று அவ்வாறு எழுதப்பட்ட விதி எங்கும் இல்லை, எழுதப்படாதது உண்டு. வாயிற்காவலரின் பார்வை அது. பையைச் சோதிக்கும் பொறி எல்லோர்க்கும் பொது, பார்வை பொதுவன்று. அவரைக் குறை கூறிப் பயனில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே ஊழியம் செய்யும் அவருடைய பிள்ளைகளையே அவ்வாயிலில் அழைத்து வர அவர் துணிவாரா என்பது ஐயம்.

இப்பார்வையை நம் தாய்மார் நன்கு அறிவர். ஆதலினாலன்றோ, காய்கறிச் சந்தைக்குப் போகும்போது பிள்ளையின் சட்டையை நோக்காத தாய், மழை கொட்டும் நாளிலும் மாலுக்குப் போகுமுன் துணிக்கு இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி, “அங்கே சத்தமாகப் பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது” என்று எச்சரித்து அழைத்துச் செல்கின்றாள்? வாங்கும் தகுதியுடையோர் என்று தோன்றும் வேடத்தை அவள் தன் பிள்ளைக்குப் பூட்டுகின்றாள். நாம் இதனைக் கேலியாகக் கூறவில்லை. வேடம் பூண்டு கூரை பெற்ற வரலாறு நமக்குப் புதிதன்று. 1917-இல், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய இளைஞர் அம்பேத்கர் பரோடா அரசின் பணியில் சேரச் சென்றபோது, தங்க இடம் கிடையாமல், பார்சியர்க்குரிய விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் காலை கையில் தடியேந்திய கூட்டம் ஒன்று அவரை வழிமறித்து, மாலைக்குள் வெளியேறுமாறு பணித்தது. நண்பர் இருவரை நாடியும் இடம் கிட்டவில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து பொழுதைக் கழித்து, இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதனை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். தாம் அல்லாத ஒருவராகத் தோன்றினால்தான் கூரை கிடைக்கும் என்னும் நிலை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அக்குறிப்பைப் படித்தோர் அறிவர்.

நூறாண்டு கழிந்து, அவ்வேடத்தின் இலேசான வடிவமொன்றை நம் பிள்ளைகளுக்கு நாமே அணிவிக்கின்றோம். அன்றைய தடி இன்று இல்லை. ஒப்புமையை மிகைப்படுத்துவது நம் நோக்கமுமன்று. பரோடா விடுதிக்குப் பிறப்பு தடையாயிற்று, பேரங்காடிக்கு அது தடையில்லை என்பதே பெரிய மாற்றம்தான். பிறப்பைக் கேளாது பணத்தைக் கேட்கும் வாயில் மேலானது என்று நம்முள் சிலர் கூறுவதில் உண்மை உண்டு. தம் பிள்ளை அங்கே எவர்க்கும் ஒதுங்கி வழிவிடாமல் நிமிர்ந்து நடப்பதைக் கண்டு மகிழும் தந்தையின் மகிழ்ச்சியை இழிவாக எண்ண நமக்கு உரிமையில்லை. ஆயினும் கூரை என்பது தகுதி காட்டிப் பெறுவது என்னும் எண்ணம் அப்பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றினால், வாயில் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை.

அது வேரூன்றும் கணம் எது என்பதையும் கூறலாம். பேரங்காடியின் வெளியே, சாலைச் சந்திப்பில், பிளாஸ்டிக் தாளைத் தலைமேல் போர்த்துக்கொண்டு குடை விற்கும் சிறுவன் ஒருவன் நிற்பான். குடை விற்பவன் நனைந்துகொண்டிருப்பான்; இந்நகரத்தில் இக்காட்சி அரிதன்று. நம் பிள்ளை கேட்கும்: “அப்பா, அவனும் நனைகிறானே, அவன் ஏன் உள்ளே வரவில்லை?” ஐந்து அல்லது ஆறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் இதனை ஒருமுறை கேட்கின்றன. எட்டு வயதுக்குமேல் கேட்பதில்லை. இடையில் ஏதோ கற்றுக்கொண்டுவிட்டன என்று பொருள்.

அவ்வினாவுக்கு நாம் தரும் விடைகள் யாவை? “அவனுக்கு வேலை இருக்கிறது” என்பது ஒன்று. “காவல்காரர் திட்டுவார்” என்பது மற்றொன்று. “அவன் அழுக்காக இருக்கிறான், கிட்டே போகாதே” என்பது மூன்றாவது. இம்மூன்றாம் விடையை நம்மவர் வாயிலிருந்தே கேட்க நேரும்போது, அச்சொல் நம் முன்னோரைச் சுட்டி எத்தனை நூற்றாண்டுகள் சொல்லப்பட்டது என்பதை நினைந்து நாம் நடுங்குகின்றோம். உண்மையான விடை எளிதன்று. “அவனை உள்ளே விடமாட்டார்கள், அது சரியன்று, அதை மாற்ற என்ன செய்யலாம் என்று எனக்கும் முழுதாகத் தெரியவில்லை” என்று சொல்வதற்குத் தந்தைக்குத் துணிவு வேண்டும். ஆனால் அவ்விடையைக் கேட்ட பிள்ளை அன்றைய தினம் தான் கண்ட எல்லாவற்றிலும் மேலானதொன்றைப் பெற்றுத் திரும்பும். அது ஒருவேளை, “நாம் வாங்கும் பனிக்கூழுக்குப் பதிலாக அவனிடம் ஒரு குடை வாங்கலாமா?” என்றும் கேட்கும். கேட்டால் வாங்கிவிடுதலே முறை.

பேரங்காடியில் பெற்றோர் பொய் பேசும் அளவுக்கு வேறெங்கும் பேசுவதில்லை என்பதை இவ்விடத்தில் சொல்ல வேண்டியிருக்கின்றது. திறந்திருக்கும் கடையைக் காட்டி, “அது இன்று மூடியிருக்கிறது” என்கின்றனர். “அந்தப் பொம்மை விற்பதற்கு அல்ல” என்கின்றனர். அட்டையைத் தேய்த்துத் தமக்கு உணவு வாங்கிய கையாலேயே, “அப்பாவிடம் காசு இல்லை” என்கின்றனர். “அடுத்த வாரம் கட்டாயம்” என்பது எல்லாவற்றிலும் பெரிய பொய். அடுத்த வாரமும் மழை பெய்யும், அன்றும் அதே சொல் வரும். பிள்ளையின் அழுகையை அடக்கச் சொல்லும் சிறு பொய்யில் தீங்கில்லை என்று எண்ணுவோர்க்கு, பகவன் தம் மைந்தன் இராகுலனுக்கு முதன்முதல் கற்பித்த பாடம் எதுவென்று நினைவூட்டுகின்றோம். அப்போது இராகுலனுக்கு ஏழு வயது என்பது உரைமரபு. கால் கழுவிய கலத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டி, அறிந்தே பொய் கூறுவோனிடத்து எஞ்சும் துறவின் சிறுமையை விளக்கி, விளையாட்டுக்கேனும் பொய் பேசலாகாது என்று பயிற்றினார். தியானத்தையும் சூன்யத்தையும் பின்னர் வைத்துக்கொண்டார். தந்தை மகனுக்கு முதலில் கற்பித்தது இதனையே என்றால், மகனிடம் தந்தை பேசும் பேச்சுக்கு அளவுகோல் வேறாக இருக்க முடியுமா?

“இந்தப் பொம்மை அறுநூறு ரூபாய். நம்மிடம் அறுநூறு ரூபாய் இருக்கிறது. ஆனால் அது பாட்டியின் மருந்துக்காக வைத்தது” என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியுமா என்று கேட்கலாம். புரிகின்றது. அழும், ஆனாலும் புரிகின்றது. ஏமாற்றப்பட்ட பிள்ளையின் அழுகையும் உண்மை கேட்ட பிள்ளையின் அழுகையும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளை வளர்த்தோர் அறிவர். முன்னதற்கு முடிவில்லை, பின்னது இரயிலேறுமுன் ஓய்ந்துவிடும். பணம் உண்மையாகவே இருந்து, பொருள் தேவையற்றது என்பதே காரணமானால், அதனைச் சொல்வது இன்னும் கடினம். அப்போது பிள்ளை நம் காலணியையும் கைப்பேசியையும் நோக்குகின்றது.

வணிகத்தின்மீது நமக்குப் பகையில்லை. பௌத்தம் வணிகரை வெறுத்த சமயமன்று. அநாதபிண்டிகர் யார் என்பதை அன்பர்கள் அறிவர். மும்பையின் எல்லைக்குள்ளேயே, போரிவலிக் காட்டில், கான்ஹேரிக் குன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உள. கல்யாண், சோபாரா முதலிய துறைநகரங்களின் வணிகரும் பொற்கொல்லரும் அளித்த கொடையைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. பல குகைகளின் வாயிலருகே பாறையில் வாய்க்கால் வெட்டி, மழைநீர் வந்து தங்கும் தொட்டியும் குடைந்திருக்கின்றனர். ஆடித் திங்கள் முழுநிலவுக்கு மறுநாள் தொடங்கி மூன்று திங்கள் பிக்குகள் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது வஸ்ஸ விதி. அவ்விதி எழுந்த காரணத்தையும் மறத்தலாகாது: மழையில் தளிர்த்த பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிகின்றனரே என்று மக்கள் முறையிட்டனர், அம்முறையீடு ஏற்கப்பட்டது. மழைக்காலம் அலைவதற்குரியதன்று, அமர்வதற்குரியது என்னும் கருத்து அங்கே பிறந்தது. அமர்வோர்க்கு இடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தை வணிகரின் பணம் பாறையில் குடைந்து தந்தது.

நாசிக் குகைகளில் பத்தாம் எண்ணுள்ள குகையின் கல்வெட்டு இன்னும் விளக்கமானது. நகபான மன்னனின் மருமகன் உஷவதாதன் அக்குகையைக் குடைவித்து, 3000 கார்ஷாபணங்களை நெசவாளர் குழுக்களிடம் முதலாக வைத்தான். அதில் 2000-க்குத் திங்களுக்கு நூற்றுக்கு ஒன்று வட்டி. ஆண்டுக்கு 240 ஆகின்றது. அக்குகையில் மழைக்காலம் தங்கும் பிக்குகள் இருபதின்மருக்கு ஆளுக்குப் பன்னிரண்டாக ஆடைச் செலவுக்கு அது வழங்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கணக்கு ஒரு காசும் பிசகாமல் பொருந்துகின்றது. எதையும் வாங்கவியலாத இருபது பேர் மழைக்கு ஒதுங்குவதற்காக, தறியில் அமர்ந்தோர் ஆண்டு முழுதும் கணக்கு வைத்திருந்தனர் என்பதை நினைத்துப் பார்க்கின்றோம்.

நெசவு என்றதும் பரேல் நினைவுக்கு வருகின்றது. 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் இறங்கினர். ஓராண்டுக்கு மேல் நீண்ட அப்போர் வெற்றி காணவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1905-இல் நிறுவப்பட்ட பீனிக்ஸ் ஆலையின் நிலத்தில் இன்று நிற்பது நகரின் பெயர்பெற்ற பேரங்காடிகளுள் ஒன்று. புகைபோக்கி இன்னும் அங்கே நிற்கின்றது. அதன் அடியில் நின்று பிள்ளைக்கு அது யாதென்று கூறுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடம் செலவிடும் பெற்றோரின் பிள்ளைகள் பேரங்காடிக்குச் செல்வதை நாம் தடுக்கமாட்டோம்.

ஏனெனில் தடுப்பதற்கு மாற்று வேண்டும். வொர்லியில் 1985 முதல் நேரு அறிவியல் மையம் உண்டு. நெம்புகோலையும் ஆடியையும் பிள்ளைகள் தொட்டு இயக்கிப் பார்க்கலாம். “எதையும் தொடாதே” என்று எச்சரிக்க வேண்டாத இடம் அது. கோட்டைப் பகுதியில் 1922-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் உண்டு. காந்தாரத்துப் புத்தர் சிலைகளின் முன் பிள்ளைகள் நிற்கலாம். இவற்றுக்கும் கட்டணம் உண்டு. தாராவியிலிருந்து நால்வர் சென்று வரச் செலவாகும். ஆண்டில் இருமுறை போகலாம். மழையோ நான்கு மாதம் பெய்கின்றது.

ஆகவே அருகிலுள்ள இடங்களை நோக்க வேண்டியிருக்கின்றது. நகராட்சிப் பள்ளிகளில் அகன்ற தாழ்வாரமும் கூரையிட்ட கூடமும் உள. ஞாயிறன்று அவற்றின் இரும்புக் கதவு பூட்டியிருக்கும். பிற சமயத்தார் மண்டபங்கள் திருமணத்துக்கு வாடகைக்கு விடப்படும். நம் சங்கங்களின் விகாரைகளும் படிப்பகங்களும் எவ்வாறு உள்ளன? சிறியனவே, ஆயினும் நாற்பது பிள்ளைகள் அமரத்தக்கவை. சுவரில் நூலடுக்கு உண்டு, விசிறி உண்டு, பாய்கள் உண்டு. அண்மையில் உள்ள குடை விற்கும் சிறுவனும் வரக்கூடிய தொலைவிலேயே அவை பெரும்பாலும் இருக்கின்றன. அவனை வாயிலில் எவரும் உற்று நோக்கமாட்டார் என்று நம்பலாம். நனைந்த கால்களால் தரை சேறாகுமே என்று பொறுப்பாளர் கவலையுறுவர். ஒரு துடைப்பமும் இரண்டு சாக்குத் துணிகளும் அக்கவலைக்குப் போதும். பிள்ளைகளுக்கு யார் கதை சொல்வது என்று கேட்பர். எவரும் சொல்ல வேண்டியதில்லை, கேரம் பலகை ஒன்றும் பழைய சித்திரக் கதைகள் சிலவும் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வர். நகரும் படிக்கட்டு அங்கே இல்லை என்பது உண்மையே.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்தனை முடிகின்றது. பத்து மணிக்குள் கதவு பூட்டப்படுகின்றது. சாவி பொருளாளர் வீட்டு ஆணியில் தொங்கும். ஜூலை மாதம் முழுவதும் நண்பகல் வேளையில் அக்கூடத்தின் பாய்கள் சுருட்டப்பட்டு, நன்கு உலர்ந்து, சுவரோரமாய்ச் சாய்ந்து நிற்கின்றன.